ஆக்சிலேட்டர் கம்பியில் கட்டிய நேர்ச்சை

உலகம்மைக்கு வேண்டியிருந்தது ஒரு கார் ஷெட். கார் இல்லாத கார் ஷெட்.

ஷெட் இருந்தது. கரமனைப் பாலம் தாண்டி, நாகர்கோவில் பஸ்கள் போகும் ரோட்டைப் பார்த்து, ஓடு வேய்ந்து, மரக்கதவு போட்டு நன்றாகவே இருந்தது. உள்ளே அவள் கணவன் அழகியநம்பியின் அம்பாசடர் நின்றது. பொன்முடியில் ஒரு எஸ்டேட் மேனேஜர் வளைவு வளைவாக ஓட்டிக் களைத்துக் கழித்த வண்டி. உலகம்மை கல்யாணமாகி வந்த வருஷம்தான் அதுவும் வந்தது. இரண்டு பேரில் யார் முதலில் வீட்டுக்குள் நுழைந்தது என்று கேட்டால் நம்பி கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

உலகம்மை அம்பாசமுத்திரம் பக்கம். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். திருவனந்தபுரத்துக்கு வந்தபோது மலையாளத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. பஸ் போர்டையும் ரேஷன் கடைப் பலகையையும் பார்த்துப் பார்த்துத் தானே படித்துக்கொண்டாள். சில வருஷங்களில் தெருவில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுப்பவள் அவள்தான் என்றாயிற்று. யாரிடமும் போய் எதற்கும் நிற்பதில்லை என்பது அவளுடைய பெருமை. ஒரே ஒரு விஷயத்தில் நிற்க வேண்டியிருந்தது. போன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து அழைப்பு வந்தால் அடுத்த வீட்டு விஜயலக்ஷ்மி வீட்டுக்குத்தான் வரும். உலகம்மை போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ரிசீவரை எடுத்ததும் விஜயலக்ஷ்மி டி.வி. சத்தத்தைக் குறைப்பாள். அவரைக்காயை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து நார் உரிப்பாள். மறுநாள் மீன்காரி வரைக்கும், "தம்பி பெண்டாட்டிக்கு ஆபரேஷனாமே?" என்று விசாரிப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஜங்ஷனுக்கு ஜங்ஷன் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. கண்ணாடிக் கதவு. உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் வாய் அசைவது தெரியும், பேச்சு வெளியே வராது. உலகம்மை அதைப் பார்த்தாள். இரவு முழுக்க யோசித்தாள். காலையில் மனு எழுதினாள். இந்த முறை தனக்கு.

மனு பாஸாகிவிட்டது. டெலிபோன் இலாகாவிலிருந்து ஒருவர் வந்து ஷெட்டைப் பார்த்தார். "இது மதி. பக்ஷே வண்டி மாற்றணும்" என்றார். இடம் போதுமாம், ஆனால் வண்டி இருக்கக் கூடாதாம். ஓணம் கழிந்து திரும்ப வருவதாகவும், அப்போதும் இடம் காலியாக இல்லையென்றால் பூத் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"வண்டிய மாத்தணுமாம் அத்தான்."

"எங்க மாத்த? கட்டில்லயா கிடத்த முடியும்?"

"வித்துருங்க."

நம்பி சாலைக் கம்போளம் என்ற சந்தையில் ஒரு அரிசி மொத்தக் கடையில் கணக்கர். குரலை உயர்த்தத் தெரியாதவர். அவர் சிரித்தார். "செரி. நல்ல ஆளு வந்தா குடுத்துரலாம்." இந்த வண்டியை வாங்க எந்த நல்ல ஆள் வரப்போகிறான் என்ற தைரியம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

உலகம்மைக்கு அந்தத் தைரியம் பிடிக்கவில்லை. அவள் அம்மா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எருமையை விற்பதென்று முடிவானால், மஞ்சள் துணியில் காசு முடிந்து, ஊர் இசக்கியம்மனுக்கு நேர்ந்து அதன் கழுத்தில் கட்டுவார்கள். எருமை கைமாறிய பிறகுதான் முடிச்சை அவிழ்த்து அம்மன் உண்டியலில் போடுவார்கள். நடுவில் அவிழ்த்தால் அம்மன் சும்மா விடமாட்டாள். காசு கட்டிய எருமை விலை போகாமல் நின்றதாக உலகம்மை கேள்விப்பட்டதில்லை.

அம்பாசடருக்குக் கழுத்து எது என்பதில் மட்டும் ஒரு குழப்பம்.

ஞாயிற்றுக்கிழமை நம்பி பானெட்டைத் திறந்து போட்டுவிட்டு வாஷர் வாங்கக் கடைக்குப் போனார். உலகம்மை எட்டிப் பார்த்தாள். அந்தப் பானெட்டைத் திறந்தால் எஞ்சினைவிடத் துணிதான் அதிகம் தெரியும். ஒழுகும் இடத்தில் துணி, உரசும் இடத்தில் துணி, ஆடும் இடத்தில் சைக்கிள் டியூப் கிழித்த வார். இத்தனைக்கு நடுவில் இன்னும் ஒரு துணி அவர் கண்ணில் படாது. அம்மா கொடுத்த வெள்ளி ரூபாயையும், ஒற்றைக் காசாக வேண்டாமே என்று ஒரு புது ரூபாயையும் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்தாள். மெல்லிசாக, உறுதியாக, கையெட்டும் தூரத்தில் ஒரு கம்பி ஓடியது. அதுதான் கழுத்து என்று தீர்மானித்து மூன்று முடிச்சுப் போட்டாள்.

"தாயே, வண்டி போகட்டும். பூத் வரட்டும்."

அடுத்த வாரமே ஆள் வந்தது. சத்தமும் வந்தது.

வந்தவர் விழிஞ்ஞத்தில் மீன் லாரிகள் வைத்திருப்பவர். நம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாப்பனங்கோடு வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். நிற்கும்போது எஞ்சின் ஒழுங்காக இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் உள்ளேயிருந்து டிணுக், டிணுக் என்றது. கோயில் மணிக்கும் தட்டாரக் கடைக்கும் நடுவில் ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றது. மிதித்தால் மறுபடி டிணுக்.

"எஞ்சினு பணியுண்டு சேட்டா. ஆலோசிச்சிட்டு பறயாம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று போன யாரும் திரும்பி வந்து சொன்னதாக உலகம்மைக்கு நினைவில்லை. இரண்டாவதாக வந்த பேங்க்காரர் டீயைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

நம்பிக்குத் தூக்கம் போயிற்று. விலை போகாததில் அவருக்கு வருத்தமில்லை. தன் வண்டியிலிருந்து தனக்குத் தெரியாத ஒரு சத்தம் வருவதுதான் தாங்கவில்லை. விஜயலக்ஷ்மியின் கணவர் வெங்கடகிருஷ்ணன் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "டாப்பெட்தான் ஓய். இதுல சந்தேகமே வேண்டாம்" என்றார். ஆட்டோ ஸ்டாண்டில் வால்வு என்றார்கள். பால்காரர் ஒரு நிமிஷம் நின்று கேட்டு, பெட்ரோலில் தண்ணீர் என்றார். ஒரே சத்தத்துக்கு இத்தனை வியாதிகள் இருக்கும் என்று உலகம்மை நினைக்கவில்லை.

கடைசியில் நேமத்திலிருந்து மெக்கானிக் சத்தியநேசனை அழைத்து வந்தார்கள். அவர் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, ஜெபத்தில் நிற்பவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கையால் கார்புரேட்டர் பக்கத்துக் கம்பியை இழுத்து எஞ்சினை உறும வைத்தார். சத்தம் வரவில்லை. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எஞ்சின் தள்ளாடியது. சத்தம் வரவில்லை.

"பானெட்ட மூடினா வருது, தொறந்தா வரல்ல. வெக்கங்கெட்ட சத்தம் இல்ல சாரே, வெக்கமுள்ள சத்தம்."

"டாப்பெட்டுன்னு அடுத்த வீட்டு சார் சொன்னாரே நேசா."

"அவருகிட்ட எத்தன வண்டி உண்டு?"

"ஸ்கூட்டர் உண்டு."

"ஸ்கூட்டருக்குச் சொல்லச் சொல்லும். நீரு உள்ள ஏறி மிதியும். நான் அடியில போய்க் கேக்கேன்."

சாக்கை விரித்து நேசன் வண்டிக்கு அடியில் போனார். நம்பி உள்ளே ஏறினார். உலகம்மை டீ தட்டோடு வந்து திறந்த பானெட்டுக்கு முன்னால் நின்றாள்.

"குடும் சாரே!"

நம்பி மிதித்தார். உலகம்மை தான் கழுத்து என்று நினைத்த கம்பி மேலே எழும்பியது. அதில் தொங்கிய மூட்டை, இப்போது மஞ்சள் போய்க் கறுத்திருந்தது, எஞ்சினின் தகர மூடியில் போய் மோதியது. டிணுக். எஞ்சின் நடுங்க நடுங்க மோதிக்கொண்டே இருந்தது. டிணுக், டிணுக், டிணுக்.

"இஞ்சதான்! இஞ்சதான் சாரே! கையில கிட்டியாச்சு!" என்று அடியிலிருந்து நேசன் கத்தினார்.

உலகம்மையின் தட்டிலும் டம்ளர்கள் டிணுக் என்றன.

வெளியே வந்த நேசன், இது கீழே பேரிங்கில் வரும் சத்தம், எஞ்சினை அவிழ்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். மூட்டையை அவர் பார்க்காமலில்லை. கையால் கம்பியை இழுத்தபோது அது அவர் உள்ளங்கைக்குள்தான் இருந்தது. நம்பி சார் கட்டிய எத்தனையோ துணிகளில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார். நம்பியும் பார்த்திருந்தார். நேசன் போன தடவை கட்டியிருப்பான், காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார். மெக்கானிக் கட்டியதை அவிழ்ப்பது அவருக்கு டாக்டர் போட்ட கட்டை அவிழ்ப்பதுபோல.

உலகம்மை டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். வண்டி போவதற்காகக் கட்டிய காசுதான் வண்டியைப் போகவிடாமல் செய்கிறது. அவிழ்த்தால் அம்மன் கோபம். அவிழ்க்காவிட்டால் பூத் போயிற்று. அம்மனிடம் போய் விளக்கிச் சொல்லலாம் என்றால் இசக்கி விளக்கம் கேட்கிற ஆள் இல்லை.

மத்தியானம் படுத்துக்கொண்டு யோசித்தபோது வழி பிறந்தது. முடிச்சை அவிழ்க்கக் கூடாதே தவிர, அதற்குச் சட்டை போடக் கூடாது என்று எந்த அம்மனும் சொல்லவில்லை. நம்பியின் பழைய பனியனைக் கிழித்து, பானெட்டைத் திறந்து, மூட்டையின் மேல் சுற்று சுற்றென்று சுற்றினாள். எலுமிச்சை அளவில் இருந்தது இளநீர்க் குரும்பை அளவுக்கு வந்தது.

சாயங்காலம் நம்பி வண்டியை எடுத்தார். டிணுக் போய்விட்டது. இப்போது தொம், தொம் என்றது. யாரோ உள்ளே அடைபட்டுக் கிடந்து கதவை இடிப்பதுபோல.

நேசன் திரும்ப வந்து ஒரு தடவை கேட்டார். தொப்பி இருந்திருந்தால் கழற்றியிருப்பார். "மெயின் பேரிங். போயாச்சு. எஞ்சின எறக்கிக் கட்டை மேல வைக்கணும். ஓணத்துக்கு முந்தி எனக்குக் கை ஒழியாது சாரே. ஓணம் கழிஞ்சு தொடங்கினா ஒரு மாசம் வண்டி ஷெட்ட விட்டு அசையாது."

ஒரு மாசம். உலகம்மை ஷெட்டின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பாறசாலையிலிருந்து அருமைநாயகமும் சுசீலாபாயும் வந்தார்கள். அருமைநாயகத்துக்கு ரப்பர்த் தோட்டமும் ஓங்கிய குரலும் இருந்தன. சர்ச் ஆராதனைக்கு ஆட்டோவில் போய் இறங்குவது சுசீலாபாய்க்குப் பிடிக்கவில்லை. அதனால் கார். ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது உலகம்மையும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்குட்டி?" என்றார் நம்பி.

"அக்காவுக்குத் தொணைக்கு."

அருமைநாயகம் மிதித்தார். தொம். உலகம்மை இருமினாள். தொம். இருமினாள். நேமம் வருவதற்குள் அவள் தொண்டை வறண்டுவிட்டது. பிறகு சுசீலாபாயிடம் சேலை எங்கே எடுத்தது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் கேட்க ஆரம்பித்தாள்.

"அதிருக்கட்டு பிள்ளே, அது என்ன சத்தம்?" என்றாள் சுசீலாபாய்.

"என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கல்லியே அக்கா."

"செவிக்கு டாக்டர காட்டு. எனக்குப் பல்லு ஆடுது."

பள்ளிச்சல் ஏற்றத்தில் தொம் தொம் தாங்க முடியாமல் போகவே, அருமைநாயகம் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் பானெட்டைத் திறந்தார். உள்ளே பார்த்தார். நம்பியைப் பார்த்தார்.

"வோய், இது எஞ்சினா, சலவைக் கடையா?"

நம்பிக்கு மானம் போயிற்று. ஒவ்வொன்றாகத் தொட்டு விளக்கினார். இது ஹோஸ் ஒழுகாமலிருக்க. இது வயர் உரசாமலிருக்க. இந்த வார் பாட்டரி ஆடாமலிருக்க.

"இது?"

"அது நம்ம நேசன் கட்டினது."

"எதுக்கு?"

"அத அவன்கிட்டத்தான் கேக்கணும்."

"கேக்க என்னத்துக்கு?" அருமைநாயகம் சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து விரித்தார்.

"வெட்டாதீங்க சார்! வெட்டாதீங்க! அது அம்மனுக்குள்ளது!"

ரோட்டோரம் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உலகம்மை அழவில்லை. பஸ்கள் சீறிக்கொண்டு போகும் ரோட்டில் நின்று, எருமையிலிருந்து பனியன் வரைக்கும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தாள். சுசீலாபாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வண்டியின் மறுபக்கத்துக்குப் போய்விட்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

நம்பி பானெட்டுக்குள் குனிந்து மூட்டையைப் பார்த்தார்.

"அப்போ மெயின் பேரிங்?"

"உங்க பனியன் அத்தான்."

"மொதல்ல கேட்ட அந்த டிணுக்கு?"

"அம்ம தந்த வெள்ளி ரூவா."

"எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல."

நம்பியின் முகம் மெல்ல விடிந்தது. வண்டியின் மட்கார்டைத் தடவிக் கொடுத்தார். "சார் தப்பா நெனைக்கப்பிடாது" என்று அருமைநாயகத்திடம் சொன்னார். "வண்டி குடுக்கல்ல."

"என்னது?"

"நல்ல வண்டி சார். யாராவது நல்ல வண்டிய விப்பாங்களா?"

அருமைநாயகத்துக்கு முகம் சிவந்தது. இவ்வளவு நேரம் வேண்டாம் என்று சொல்லப்போன வண்டி, இப்போது இல்லை என்றதும் வேண்டியதாகிவிட்டது. உலகம்மைக்குப் பூத்தின் கண்ணாடிக் கதவு கண்முன் மூடிக்கொண்டு போனது. பிறகு அவள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள்.

"செரி அத்தான். குடுக்காண்டாம். மூட்டை அங்கயே கெடக்கட்டு."

"அத ஏன் கெடக்க விடணும்? அவுத்தாப் போச்சு."

"அவுருங்க."

நம்பி கையை நீட்டினார்.

"வண்டி போகும்னு இசக்கிக்கிட்டச் சொல்லிப் போட்ட முடிச்சு" என்றாள் உலகம்மை, சாம்பாருக்கு உப்புச் சொல்வதுபோல. "போகாம அவுக்குதவுக யாரோ, அது அவுக பாடு."

கை அந்தரத்தில் நின்றது. சாமி காரியங்களில் வீட்டில் கிண்டல் பேசுகிறவர்தான் நம்பி. ஆனால் ஊருக்குப் போகும்போது இசக்கி நிற்கும் முக்கில் ஹாரன் அடிக்காமல், பேச்சை நிறுத்திக்கொண்டு, வண்டியை மெதுவாக நகர்த்துகிறவரும் அவர்தான். கை தன்பாட்டில் கீழே வந்தது.

"இவ்வளவுதானா வோய்?" என்றார் அருமைநாயகம். "நகரும். எனக்கு இசக்கியும் கிடையாது மாடனும் கிடையாது. நான் அவுக்கேன்."

நம்பி நன்றியோடு நகர்ந்தார்.

"சார் தாராளமா அவுக்கலாம்" என்றாள் உலகம்மை. "ஆனா அடுத்தவன் வண்டியில சார் ஏன் கை வைக்கணும்? சாருக்க வண்டின்னு ஆன பொறவு அவுருங்க. அம்மனுக்கும் சொன்ன சொல்லு நடந்தாச்சு, சாருக்கும் சத்தம் போயாச்சு."

சுசீலாபாய் மறுபக்கத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் பிள்ளே. எங்க சபைக் கமிட்டியில ஒனக்கு ஒரு எடம் போடலாம். எங்காளு ஒருத்தனும் தாங்கமாட்டான்."

திரும்பும்போது நம்பி ஓட்டினார். சத்தம் வராமலிருக்க மிதிக்காமல் ஓட்டிப் பார்த்தார். பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்து முதுகைத் துளைத்தன. மிதித்தார். தொம். நேமத்தில் ஓர் ஆட்டோக்காரன் ஒட்டி வந்து, வெளியே தலையை நீட்டி, "சேட்டா, எஞ்சின் போயி!" என்று இரக்கத்தோடு கத்திவிட்டுப் போனான். ஒன்றுமே இல்லாத எஞ்சினுக்கு இரங்கல். நம்பி பல்லைக் கடித்தார். பாப்பனங்கோடு வரைக்கும் பல்லைக் கடித்தபடியே ஓட்டினார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அருமைநாயகத்தின் பக்கம் நீட்டினார்.

"வெயில்ல போடப்பிடாது சார். பெயின்ட் போயிரும்."

ஓணத்துக்கு முந்தின வாரம் பாறசாலைக்காரர்கள் வந்து வண்டியை எடுத்தார்கள். கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு அருமைநாயகம் பானெட்டைத் திறந்தார். மூன்று முடிச்சும் எண்ணெயில் ஊறி இறுகிக் கிடந்தன. கத்தி வேண்டாம் என்று உலகம்மை பக்கத்திலேயே நின்றாள். அவர் நகம் உடைய, வேர்வை வடிய, தன் தெய்வத்தின் பெயரைச் சொல்லி முனகிக்கொண்டே அவிழ்த்தார். கறுத்த மூட்டையை உலகம்மையின் கையில் கொடுத்துவிட்டு, "இசக்கிகிட்டச் சொல்லும்மா, நாங்க வேற கட்சின்னு" என்றார்.

வண்டி கிளம்பியது. மிதித்தார். டிணுக் இல்லை. தொம் இல்லை. பட்டுச் சேலை நடப்பதுபோல ரோட்டில் ஏறிப் போயிற்று. நம்பி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதைக் கொடுத்து நின்றார்.

உலகம்மை காலி ஷெட்டுக்குள் போனாள். தரையில் எண்ணெய்க் கறை. மேஜை இங்கே, கண்ணாடிக் கதவு இங்கே, காத்திருப்பவர்களுக்குப் பெஞ்சு வெளியே, நன்றாக வெளியே. கால் விரலால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டு திரும்பினாள். நம்பி இன்னும் கேட்டில் நின்றார். முகத்தில் அழுகை இருக்கும் என்று நினைத்தாள். சிரிப்பு இருந்தது.

"என்ன அத்தான்?"

"கேட்டியா?"

ரோடு வளையும் இடத்திலிருந்து, மெலிதாக, எலிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு கீச் கேட்டது. பிறகு இன்னொன்று.

"ஃபேன் பெல்ட்டு" என்றார் நம்பி. "ரெண்டு மாசமா இருக்கு, ஓட்டத்துல மட்டும் வரும். ஒனக்க அம்மன் போட்ட சத்தத்துல அது வெளிய கேக்கல்ல. நானும் சொல்லல்ல."

"ஐயோ பாவம். அந்தாளு வழியில நின்னுருவாரே. போன் பண்ணிச் சொல்லாண்டாமா?"

நம்பி கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டார்.

"பூத் வரட்டு. மொத போன் அதுதான்."